ஜெயிக்கக்கூடியவர் யார்?

ஐக்கிய அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டுகிறது. தேர்தலில் நிற்கும் அபேட்சகர் இன்னார் என்று தீர்மானிப்பதற்காக ஒவ்வொரு கட்சியும் மாகாணந்தோறும் பூர்வாங்கத் தேர்தல் நடத்துகிறது. அந்தக் காலத்தில், நம்மவர்களுள் அறிவாளி யார், நேர்மையானவர் யார், நாட்டுக்கு நன்மை செய்யத் தக்க திட்டம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் எல்லாம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. "எதிர்க்கட்சியாரை ஜெயிக்கக்கூடியவர் யார்?" என்ற ஒரே கேள்வி மேடைகளிலும் பத்திரிகைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கொடிகட்டிப் பறக்கிறது.

2028-ஆம் வருஷத் தேர்தலில் இந்தக் கேள்வி இரு கட்சிகளையும் ஒருங்கே எதிர்கொள்ளும். ஒருவர் இரு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தம் 1951-ஆம் வருஷம் முதல் விதித்திருக்கிறது. மிஸ்டர் டிரம்ப் 2016-இலும் 2024-இலும் ஜெயித்தாகிவிட்டது. ஆகவே ரிபப்ளிகன் கட்சியும் டிமாக்ரடிக் கட்சியும் புதிய தலைவரைத் தேடியாக வேண்டும். கேள்வியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அதற்கு அந்நாட்டு வாக்காளர்கள் விடை தேடும் முறையில் ஒரு பெரும் பிழை இருக்கிறது என்பதே நமது வாதம்.

முதலில் எதிர்த் தரப்பின் நியாயத்தைக் கூறுவோம். அதைச் சொல்லாமல் நம் தரப்பை மட்டும் சொல்வது வாதமாகாது. அமெரிக்க ஜனாதிபதியை நாட்டின் மொத்த ஓட்டு நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாகாணங்களுக்கும் தலைநகருக்கும் பங்கிடப்பட்ட 538 தேர்வாளர் ஓட்டுகளில் 270 பெற்றவரே ஜனாதிபதி. இரண்டு மாகாணங்கள் நீங்கலாக, மற்றெல்லா இடங்களிலும் ஓர் ஓட்டு அதிகம் பெற்றவருக்கே அம்மாகாணத்தின் தேர்வாளர் ஓட்டுகள் முழுவதும் போய்ச் சேருகின்றன. 2016-ஆம் வருஷத்தில் ஸ்ரீமதி ஹிலாரி கிளிண்டன் தம் எதிரியைவிட ஏறத்தாழ 28 லட்சம் ஓட்டு அதிகம் பெற்றும் தோற்றார். விஸ்கான்ஸின், மிச்சிகன், பென்ஸில்வேனியா ஆகிய மூன்று மாகாணங்களில் ஏற்பட்ட மொத்த வித்தியாசம் 80,000 ஓட்டுக்கும் குறைவு. அது அவரை வீழ்த்திவிட்டது. பூர்வாங்கத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்களோ பெரும்பாலும் கட்சிப் பற்று மிகுந்தவர்கள். அவர்களுக்கு இனிப்பது மற்றவர்களுக்குக் கசக்கலாம். எனவே, தமக்குப் பிடித்தவர் ஊருக்கும் பிடித்தவரா என்று அவர்கள் யோசிப்பது இயற்கையே.

இதற்குச் சரித்திரச் சான்றுகளும் இல்லாமற் போகவில்லை. 1952-ஆம் வருஷத்தில் ரிபப்ளிகன் கட்சிப் பக்தர்களின் உள்ளம் செனேட்டர் டாப்ட் பால் இருந்தது. அவரால் ஜெயிக்க முடியாது என்று வாதித்தவர்கள் தளபதி ஐஸன்ஹோவரை நிறுத்தினார்கள். அவர் 442 தேர்வாளர் ஓட்டுகளுடன் வாகை சூடினார். 1964-இல் அதே கட்சி, அதிதீவிரவாதி என்று பலர் அஞ்சிய செனேட்டர் கோல்ட்வாட்டரைத் தேர்ந்தெடுத்தது; அவருக்குக் கிடைத்தவை ஆறே மாகாணங்கள். 1972-இல் டிமாக்ரடிக் கட்சியார் செனேட்டர் மக்கவர்னை நிறுத்தினார்கள். மாஸசூஸெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும் தவிர மற்ற எல்லா இடங்களையும் நிக்ஸன் வாரிக்கொண்டு போனார். மனத்துக்குப் பிடித்தவரை நிறுத்திவிட்டு மண்ணைக் கவ்வுவதில் என்ன பெருமை என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு வருஷங்களையே சுட்டுகிறார்கள். அந்தக் கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை.

ஆயினும் ஜோசியம் பலித்த வருஷங்களை மட்டும் சொல்லிப் பொய்த்த வருஷங்களை மறைப்பது நியாயமாகுமா? 1980-இல் மிஸ்டர் ரீகன் மிதமிஞ்சிய வலதுசாரி, வயது முதிர்ந்தவர், சினிமா நடிகர், பொதுமக்கள் அவரை ஏற்க மாட்டார்கள் என்று அவர் கட்சியிலேயே பலர் கூறினர். அவர் 44 மாகாணங்களைக் கைப்பற்றினார். 2004-இல் டிமாக்ரடிக் கட்சி வாக்காளர்கள் அயோவா மாகாணத்தில் மிஸ்டர் ஹோவர்டு டீனைக் கைவிட்டு, வியட்நாம் யுத்தத்தில் வீரப் பதக்கம் பெற்ற செனேட்டர் கெர்ரியை ஆதரித்தனர். யுத்த காலத்து ஜனாதிபதியான புஷ்ஷை யுத்த வீரர் ஒருவரே ஜெயிக்க முடியும் என்பது அவர்களில் பலர் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு ஒஹையோ மாகாணத்தில் பொய்த்தது, கெர்ரி தோற்றார். 2016-இல் மிஸ்டர் டிரம்ப் ஜெயிக்கவே மாட்டார் என்று சொல்லாத நிபுணர் அரிது. அவரே ஜெயித்தார். 2024 பூர்வாங்கத் தேர்தலில் ஸ்ரீமதி நிக்கி ஹேலி, பொதுத் தேர்தலில் டிரம்பைவிடத் தாமே சுலபமாக ஜெயிக்க முடியும் என்று வாதாடினார். கட்சி வாக்காளர்கள் அதைச் செவியில் ஏற்கவில்லை; டிரம்பை நிறுத்தி, 312 தேர்வாளர் ஓட்டுகளுடன் ஜெயித்தும் காட்டினர்.

நிபுணர்கள் இவ்வளவு முறை ஏமாறக் காரணம் என்ன? தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்பு, பொதுஜனங்களில் பெரும்பாலோர் அபேட்சகர்களைப் பற்றி எந்த முடிவுக்கும் வருவதில்லை. பலருடைய பெயரைக்கூட அவர்கள் சரியாக அறியமாட்டார்கள். அப்போது எடுக்கும் அபிப்பிராயக் கணக்கு பெரும்பாலும் பெயர் தெரிந்தவர் யார் என்பதற்கே கணக்கு. 2007-ஆம் வருஷம் முழுவதும் இக்கணக்குகளில் ஒரு கட்சியில் ஸ்ரீமதி கிளிண்டனும் மற்றொரு கட்சியில் பெரும்பாலும் மிஸ்டர் ஜூலியானியும் முன்னணியில் நின்றார்கள். 2008-இல் அபேட்சகராக வந்தவர்களோ மிஸ்டர் ஒபாமாவும் மிஸ்டர் மக்கெய்னும்! இன்னும் பிறவாத அபிப்பிராயத்தை இப்போதே அளக்க முற்படுவது, விதை முளைக்குமுன் மகசூலுக்கு விலை பேசுவதை ஒக்கும்.

நியாயஸ்தலத்தில் பழகியவர்கள் இந்த விஷயத்தை ஓர் உதாரணத்தால் எளிதில் உணர்வார்கள். கூண்டில் ஏறிய சாட்சியிடம், "நீர் கண்டது என்ன?" என்று கேட்கிறோம். அவர், "நான் கண்டது இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன கண்டிருப்பார் என்று நான் நினைப்பதைச் சொல்லுகிறேன்" என்றால் நீதிபதி அவரைப் பேசவிடுவாரா? செவிவழிச் சாட்சியத்தையே சட்டம் தள்ளிவிடுகிறது. இதுவோ செவிவழி கேட்டதும் அன்று, ஊகித்தது. பூர்வாங்கத் தேர்தலில் ஒவ்வொரு வாக்காளரிடமும் அவருடைய சொந்தச் சாட்சியமே கேட்கப்படுகிறது. இவரை நீ விரும்புகிறாயா, நம்புகிறாயா, இவர் பின்னால் நிற்பாயா என்பதே கேள்வி. அதற்கு அவர் தம் அயலாரின் மனத்தைப் பற்றிய ஊகத்தைப் பதிலாகக் கொடுத்தால், லட்சக்கணக்கானவர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் ஊகித்து, யாருமே தம் மனத்தைச் சொல்லாத ஒரு விசித்திரத் தீர்ப்பு பிறக்கிறது.

பூர்வாங்கத் தேர்தல் ஏற்பட்டதன் பயனே இந்த ஊகங்களைப் பரீட்சித்துப் பார்ப்பதாகும். 1960-ஆம் வருஷத்து வரலாற்றை நேயர்கள் கவனிக்க வேண்டும். 1928-இல் கத்தோலிக்கரான மிஸ்டர் அல் ஸ்மித் டிமாக்ரடிக் கட்சியின் சார்பில் நின்று பெருந்தோல்வி அடைந்தார். கத்தோலிக்கர் எவரும் அமெரிக்க ஜனாதிபதியாக முடியாது என்று அன்று எழுந்த சித்தாந்தம் கட்சித் தலைவர்கள் மனத்தில் 32 வருஷம் குடியிருந்தது. இளைஞரான செனேட்டர் கென்னடி விஸ்கான்ஸின் பூர்வாங்கத் தேர்தலில் ஜெயித்தபோதும், அங்கே கத்தோலிக்கர்கள் மிகுதி, அதனால் ஜெயித்தார் என்று சொல்லி ஒதுக்கினர். அடுத்துப் போட்டி மேற்கு வர்ஜீனியாவில். அது சுரங்கத் தொழிலாளர் நிறைந்த ஏழை மாகாணம். புராடஸ்டண்டு கிறிஸ்தவர்களே அங்கு பெரும்பான்மையோர். கத்தோலிக்கர் மிகச் சிலர். கென்னடி அங்கேயே போய் நின்றார். தம் மதத்தைப் பற்றிய கேள்விக்கு ஒளியாமல் நேராகப் பதில் சொன்னார். அவருடைய குடும்பத்தின் பணமும் தாராளமாகச் செலவாயிற்று என்பதை நாம் மறைக்கவில்லை. மே மாதம் 10-ஆம் தேதி அம்மாகாணம் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் அவருக்கு ஓட்டளித்தது. எதிர்த்து நின்ற செனேட்டர் ஹம்ப்ரி போட்டியிலிருந்து விலகினார். நவம்பரில் கென்னடி ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஓட்டுச் சாவடியில் என்ன நினைத்திருக்கக் கூடும் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். "எனக்கு இவர்மேல் ஆட்சேபமில்லை, ஆனால் அடுத்த கிராமத்தான் கத்தோலிக்கருக்கு ஓட்டுப் போட மாட்டான், ஆகையால் நானும் போடவில்லை" என்று அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த கிராமத்தானும் இவரைப் பற்றி அப்படியே எண்ணியிருப்பான். ஒருவரிடமும் இல்லாத துவேஷம் எல்லோருடைய பெயராலும் வென்றிருக்கும். கென்னடியின் பெயர் அன்றே முடிந்திருக்கும். ஆகவே ஜெயிக்கும் சக்தி என்பது முன்கூட்டியே ஒருவர் நெற்றியில் எழுதப்பட்டு, நாம் படித்தறிய வேண்டிய விஷயமன்று. துணிந்து தம் மனத்தைச் சொன்ன வாக்காளர்களே அதை உண்டாக்கினார்கள்.

2008-ஆம் வருஷத்திலும் இதுவே நடந்தது. கறுப்பர் ஒருவரை வெள்ளையர்கள் ஜனாதிபதியாக ஏற்பார்களா என்று கறுப்பு மக்களிலேயே மிகப் பலர் சந்தேகித்தார்கள்; அதனால் பலர் ஸ்ரீமதி கிளிண்டன் பக்கமே நின்றார்கள். ஜனவரி 3-ஆம் தேதி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையராக உள்ள அயோவா மாகாணம் ஒபாமாவை முதலிடத்தில் நிறுத்தியது. சந்தேகம் உடைந்தது. அதே மாதம் தென் கரோலினாவில் அவர் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுகளைப் பெற்றார். நவம்பரில் அவருக்குக் கிடைத்த தேர்வாளர் ஓட்டுகள் 365. எத்தனை பண்டிதர்கள் கூடி எத்தனை மாதம் தர்க்கித்திருந்தாலும் தீராத ஐயத்தை அயோவாவின் சாதாரண ஜனங்கள் பனிக்கால இரவு ஒன்றில் தீர்த்துவைத்தார்கள்.

இங்கே ஒரு பேதத்தைத் தெளிவாக்க விரும்புகிறோம். ஓர் அபேட்சகருடைய கொள்கை என்ன, அவர் பேச்சு எப்படிப்பட்டது, இதற்கு முன் போட்டி கடுமையான இடங்களில் நின்று ஜெயித்திருக்கிறாரா, வசைமொழிகளுக்கு இடையே நிதானம் தவறாமல் நிற்கிறாரா என்று ஆராய்வது முற்றிலும் தகும். கோல்ட்வாட்டரும் மக்கவர்னும் தம் கொள்கைகளை ஒளிக்கவில்லை. மற்றவர்கள் அவற்றை ஏற்பார்களா என்று கேட்டவர்கள் தவறு செய்யவில்லை. ஏனெனில் கொள்கையும் நடத்தையும் அபேட்சகருக்கே உரியவை. அவற்றுக்கு அவர் பொறுப்பாளி. ஆனால் ஒருவருடைய நிறத்தையும் மதத்தையும் பெண் என்பதையும் காரணமாகக் காட்டி, ஊரார் ஏற்க மாட்டார்கள் என்று ஒதுக்குவது வேறு ஜாதியைச் சேர்ந்த காரியம். அப்படிச் செய்பவர் தமக்குத் துவேஷம் இல்லை என்று பெருமை கொண்டாடிக்கொண்டே, அயலானுடைய துவேஷத்துக்குச் சம்பளமில்லாத ஏஜெண்டாகிறார்.

இது வெறும் கற்பனையன்று. 2020 தேர்தலுக்காக டிமாக்ரடிக் கட்சியில் ஆறு ஸ்திரீகள் போட்டியிட்டார்கள். 2019-இல் அக்கட்சியினரிடமும் சுயேச்சைகளிடமும் எடுக்கப்பட்ட ஓர் அபிப்பிராயக் கணக்கில், ஸ்திரீ ஒருவர் ஜனாதிபதியாவதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கூறினர். தம் அயலாருக்கும் ஆட்சேபமிராது என்று கூறியவர்களோ மூன்றில் ஒரு பங்கினரே! அந்த அயலார் யார்? இதே கேள்விக்கு ஆட்சேபமில்லை என்று பதில் சொன்ன இவர்களைப் போன்றவர்கள்தாமே பலர்? ஆளுக்கொரு பூதத்தை அடுத்த வீட்டில் கற்பித்துக்கொண்டு எல்லோரும் கதவைத் தாழிட்டுக்கொண்டால், தெருவில் நடமாடத் துணிபவர் யார்?

2020-இல் மிஸ்டர் பைடன் ஜெயித்தாரே என்று நம் வாதத்தை மறுப்பவர்கள் கேட்கக்கூடும். உண்மை. அயோவாவில் நான்காவதாகவும் நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவதாகவும் வந்த அவரைத் தென் கரோலினா வாக்காளர்கள் தூக்கி நிறுத்தினார்கள். டிரம்பை ஜெயிக்க இவரே தக்கவர் என்ற எண்ணம் அதில் பெரும் பங்கு கொண்டது. அவரும் ஜெயித்தார். ஆனால் நாடெங்கும் 70 லட்சம் ஓட்டு அதிகம் பெற்ற அவருக்கு அரிஸோனா, ஜார்ஜியா, விஸ்கான்ஸின் என்ற மூன்று மாகாணங்களிலும் சேர்த்துக் கிடைத்த வித்தியாசம் ஏறத்தாழ 43,000 மட்டுமே. அந்தச் சிறு எண்ணிக்கை மாறியிருந்தால், எல்லாரும் புகழ்ந்த அதே விவேகத்தை எல்லாரும் பழித்திருப்பார்கள். எனினும் அவர் ஒரு பரீட்சைக்கு உட்பட்டே வந்தார். பலர் போட்டியிட்டார்கள், தோல்விகளைத் தாங்கி எழுந்தார். அது கவனிக்கத் தக்கது.

அதற்கு மறுபுறம் 2024. ஒரு முறை டிரம்பை ஜெயித்தவர் மறுமுறையும் ஜெயிப்பார் என்று சொல்லி, கட்சித் தலைவர்கள் பைடனுக்கு எதிராக வலுவான போட்டி எதுவும் எழ இடமளிக்கவில்லை. பூர்வாங்கத் தேர்தல் பெயரளவில் நடந்தது. 81 வயதை எட்டிய அவருடைய நிலையை நாடு நேரில் கண்டது, ஜூன் 27-ஆம் தேதி அட்லாண்டா நகரில் நடந்த விவாதத்தில்தான். ஜூலை 21-ஆம் தேதி அவர் விலகினார். அவருக்குப் பதிலாக உப ஜனாதிபதி ஸ்ரீமதி கமலா ஹாரிஸ் ஒரு பூர்வாங்கத் தேர்தலிலும் ஓட்டுக் கேட்காமலே அபேட்சகரானார். தேர்தலுக்கு எஞ்சியிருந்தவை 107 நாட்கள். அவருடைய தாய்வழிப் பாட்டனார் பிறந்த ஊர் நம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். அவருக்காக அங்கே கோயிலில் பூஜைகள் நடந்ததை நேயர்கள் அறிவார்கள். அவர் 226 தேர்வாளர் ஓட்டுகள் பெற்றுத் தோற்றார். தோல்விக்கு விலைவாசி முதலிய காரணங்கள் பல. ஆனால் அவர் அந்த வருஷத்தில் கட்சி வாக்காளர் முன் நின்று பரீட்சிக்கப்பட்டிருந்தால் வலுப்பெற்றிருப்பாரா, அல்லது வேறொருவர் முன்வந்திருப்பாரா என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது. பரீட்சையை ரத்துச் செய்தவர்கள் அந்த ஞானத்தையும் ரத்துச் செய்துவிட்டார்கள். ஜெயிக்கக்கூடியவர் இவரே என்ற நிச்சயம் மிகுந்திருந்த இடத்தில்தான் அவர்கள் மிகவும் ஏமாந்தார்கள்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு சுருக்கமானது. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. அமெரிக்கக் கட்சிகளுக்குத் தீர விசாரிக்கும் இடம் பூர்வாங்கத் தேர்தலே. ஆகையால் 2028-இல் இரு கட்சித் தலைவர்களும் போட்டியை அடைக்காமல் திறந்துவிட வேண்டும். தமக்கு முற்றும் சாதகமான மாகாணங்களில் மட்டுமின்றி, சந்தேகத்துக்குரிய மாகாணங்களிலும், தம்மை அறியாத ஜனங்கள் நடுவிலும் அபேட்சகர்கள் நின்று பதில் சொல்ல வேண்டும். மேற்கு வர்ஜீனியாவுக்குப் போக அஞ்சுகிறவர் நவம்பர் மாதத்துக்கும் அஞ்ச வேண்டியவரே. பத்திரிகைகள் ஒரு வருஷத்துக்கு முந்திய அபிப்பிராயக் கணக்கைத் தீர்ப்பு என்று முழங்குவதை நிறுத்த வேண்டும்.

வாக்காளரோ, அபேட்சகரின் கொள்கையையும் நடத்தையையும் வேண்டிய மட்டும் துருவி ஆராயட்டும். ஆராய்ந்தபின் தம் சொந்தச் சாட்சியத்தையே பெட்டியில் இடட்டும். அதனாலும் தோல்வி வரலாம், மறுக்கவில்லை. 1964-இல் தம் மனத்தைச் சொல்லித் தோற்ற ரிபப்ளிகன் கட்சியாருக்கு, அந்தப் பிரசாரத்திலேயே கோல்ட்வாட்டருக்காகப் பேசிப் புகழ்பெற்ற ரீகன் கிடைத்தார். 16 வருஷத்தில் அவரே ஜனாதிபதியானார். தாங்கள் நம்பியது இன்னது என்று அறிந்து தோற்ற கட்சிக்கு, எதைத் திருத்துவது, எதைக் காப்பது என்பதாவது தெரிந்திருக்கும். பிறர் மனத்தை ஊகித்துத் தோற்ற கட்சிக்கு அதுவும் தெரியாது. அடுத்த தேர்தலில் மறுபடியும் ஊகிக்கவே புறப்படும்.